வந்தவர் முதலில் பேச வேண்டும்

அந்தக் கன்னியர் மடத்தின் வாசலறையில் இரண்டு நாற்காலிகளைத் தவிர வேறொன்றும் கிடையாது. இரண்டும் எதிரெதிரே, முழங்கால் இடிக்காத தூரத்தில் கிடக்கும். ஒன்றில் ஒரு சிஸ்டர் உட்கார்ந்திருப்பார். தெருக்கதவைத் தள்ளிக்கொண்டு யார் வந்தாலும் மற்றதில் உட்காரலாம், மனசில் இருப்பதைப் பேசலாம், எழுந்து போகலாம். கேட்டால் ஒழிய ஆலோசனை கிடையாது. அங்கே கேட்டது வெளியே போகாது. அதுதான் அந்தச் சபையின் ஒரே தொழில்.

சபையைத் தொடங்கிய அன்னை பள்ளிக்கூடம் கட்டியிருக்கலாம், ஆஸ்பத்திரி கட்டியிருக்கலாம். அந்த அம்மாளுக்கு என்னவோ, உலகத்தில் வாய்க்குப் பஞ்சமில்லை, காதுக்குத்தான் பஞ்சம் என்று தோன்றிவிட்டது. வாசலறைக்கு அவர் வகுத்த விதிகளில் முதலாவது இது: வந்தவர் முதலில் பேச வேண்டும், அதுவரை சகோதரி வாய் திறக்கலாகாது.

இப்படிப்பட்ட சபைக்குத்தான் 'இளந்துறவியர் வழி இக்கால விசுவாசத் தொடர்பு ஆணைக்குழு'விலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு துறவற சபையும் தன் இளம் உறுப்பினர் ஒருவரை உலகத்தோடு பேச வைக்க வேண்டும். காமிரா முன்னால், நேரலையில், புன்னகையுடன். பேசிக் காட்டி ஆணைக்குழுவின் சான்று பெற்ற பிறகே அந்த உறுப்பினரின் இறுதி வார்த்தைப்பாட்டுக்கு அனுமதி.

இளம் உறுப்பினர் யார் என்று மடத்தில் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் சின்ன சிஸ்டர் என்று கூப்பிடும் பெண்தான்; அவளுக்கு அடுத்த இளையவருக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. சின்ன சிஸ்டருக்கோ அந்த வருடக் கடைசியில்தான் இறுதி வார்த்தைப்பாடு. வாழ்நாள் முழுவதும் இந்தச் சபையில் இருப்பேன் என்று சொல்லும் நாள். அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பியூட்டி பார்லர் வைத்திருக்கும் அக்கா, அன்றைக்குக் கட்டப் புடவையே எடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் விஷயத்தைச் சொன்னதும் அக்கா வெகு நேரம் சிரித்தாள்.

"நீயா பேசப் போற? சின்ன வயசுல வீட்டுக்கு விருந்தாளி வந்தா கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவியேடி."

"சிரிக்காதக்கா. பேசலைன்னா வார்த்தைப்பாடு கிடையாதாம்."

சிரிப்பு நின்றது. அம்மாவிடம் இதை இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்துகொண்டார்கள். பிறகு அக்கா, தன் கடையிலும் பெண்கள் உட்கார்ந்து எல்லாக் கதையும் சொல்கிறார்கள், தானும் வாய் திறப்பதில்லை, கூடுதலாக முடியும் வெட்டி விடுகிறேன், ஆனாலும் தன்னை யாரும் துறவி என்று சொன்னதில்லை என்று குறைபட்டுக்கொண்டாள்.

பயிற்சி முகாம் மூன்று நாள், குளிரூட்டிய மண்டபத்தில். ஆணைக்குழுவின் இயக்குநர் ஃபாதர்தான் முக்கியப் பேச்சாளர், துணைப் பேச்சாளர், நன்றியுரையாளர் எல்லாம். தலைப்பு: 'கேட்டல் – நாம் மறந்துபோன மாண்பு.' காலையில் ஆரம்பித்தவர் சாப்பாட்டு மணி அடித்தபோது முன்னுரையை முடித்தார். அடிக்கடி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு பேசினார். தொண்டை கரகரத்தாலும் பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"இன்றைய இளைஞர்கள் நம்மிடம் பேசத் துடிக்கிறார்கள். நாம் கேட்க வேண்டும், சகோதர சகோதரிகளே, கேட்க வேண்டும். இதை நான் எத்தனையோ நாடுகளில் சொல்லியிருக்கிறேன். எங்கேயும் ஒருவர்கூட நடுவில் எழுந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அவ்வளவு ஆழமாக இந்தக் கருத்து அவர்களைத் தொட்டிருக்கிறது."

கேள்வி நேரம், நேரமின்மை காரணமாக, மூன்று நாளும் ரத்து செய்யப்பட்டது.

சின்ன சிஸ்டர் எல்லாவற்றையும் கேட்டாள். அவளுக்கு வேறு பழக்கம் இல்லை. மண்டபத்தில் தலைகள் ஒவ்வொன்றாகச் சாய, முன்வரிசையில் அவள் மட்டும் மடியில் கைகோத்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் அவர் பாதிப் பேச்சை அவளைப் பார்த்தே பேசியதாகப் பக்கத்து இருக்கை நெட்டை பிரதர் பிற்பாடு சொன்னார்.

நெட்டை பிரதரின் சபை வேறு மாதிரி. ஆஸ்பத்திரிகளில் கேட்பாரற்றுக் கிடக்கும் பிணங்களை எடுத்துப்போய் மரியாதையாக அடக்கம் செய்வது அவர்கள் பணி. மூன்றாம் நாள் செய்முறைப் பயிற்சியில் அவரிடம், உற்சாகமான குறும்படம் ஒன்று வேண்டும், பார்க்கிறவர்கள் 'நானும் வருகிறேன்' என்று சொல்ல வேண்டும் என்றார்கள்.

"எங்ககிட்ட வர்றவங்க யாரும் ஃபோன் வெச்சிருக்கறதில்ல, ஃபாதர்," என்றார் பிரதர்.

"அதைத்தான் சொல்றேன். இதுவரைக்கும் யாருமே தொடாத மக்கள். நமக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு பாருங்க," என்றார் இயக்குநர்.

பிரதர் அதைக் குறித்துக்கொண்டார். கீழ்ப்படிதல் அவர் எடுத்த வார்த்தைப்பாடுகளில் ஒன்று.

முகாம் முடிந்த வாரமே ஆணைக்குழுவின் ஆட்கள் வந்து வாசலறையை ஸ்டுடியோ ஆக்கிவிட்டுப் போனார்கள். சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்ச். மூலையில் பிளாஸ்டிக் செடி. கண்ணைக் கூசவைக்கும் விளக்குகள். வந்தவர் நாற்காலி இருந்த இடத்தில் முக்காலியில் ஒரு காமிரா. அந்த நாற்காலியைத் தூக்கி நடையில் பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள்.

புதன்கிழமை வழக்கம்போல டயர் கடைக்காரர் வந்தார். மடத்துக்கு அடுத்த கட்டிடம் அவர் கடை. பல மாதங்களாகப் புதன்தோறும் மத்தியானம் சின்ன சிஸ்டர் எதிரில் உட்கார்ந்து ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் அவர் அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை நின்று வருடக்கணக்காகிறது. காரணம், அண்ணன் வாங்கிப் போய்த் திருப்பித் தராத ஓர் ஏணி. முதல் வாரம் அவர் கைகளை விரித்துக் காட்டியபோது அந்த ஏணி மொட்டைமாடியைத் தாண்டி நின்றது, தேக்கில் செய்தது. சின்ன சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, கேட்டாள். அடுத்த மாதம் அது ஜன்னல் உயரத்துக்கு வந்தது. பிறகு தேக்கு, ஏதோ ஒரு மரமானது. வாரத்துக்கு வாரம் ஏணி குட்டையாகிக்கொண்டே போவதை அவள் கவனித்திருந்தாள். இன்னும் கொஞ்ச நாளில் அதைத் தாண்டிப் போய்விடுவார் என்று நம்பிக்கையாகவும் இருந்தாள். அவசரமும் இருந்தது. அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அண்ணனுக்கு மட்டும் இன்னும் பத்திரிகை கொடுக்கவில்லை.

டயர் கடைக்காரர் கதவில் நின்று கறுப்புச் சுவரைப் பார்த்தார். பிளாஸ்டிக் செடியைப் பார்த்தார்.

"ஏம்மா, இடத்தையே மாத்திட்டீங்களா? போட்டோ ஸ்டுடியோ மாதிரி இருக்கு."

ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. காமிராக்காரர், தயவுசெய்து வெளியில் இருங்கள் என்றார். டயர் கடைக்காரர் நடையிலிருந்த பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டார். ஏணி ஜன்னலுக்குக் கீழே அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் சின்ன சிஸ்டர் மடத்துத் தலைவியான மதரிடம் போய் ஒரு சந்தேகம் கேட்டாள். நேரலையில் அவள் முதலில் பேச வேண்டும் என்கிறது ஆணைக்குழு. அந்த அறையில் வந்தவர்தான் முதலில் பேச வேண்டும் என்கிறது சபை விதி. எதற்குக் கீழ்ப்படிவது?

மதர் நேர்மையானவர். விதியைக் கிண்டல் செய்யவும் மாட்டார், வளைக்கவும் மாட்டார். ஆலோசனைக் குழுவைக் கூட்டினார். காமிரா வந்தவரா, இல்லையா என்பது கேள்வி. ஒரு சிஸ்டர், காமிராவுக்கு ஆன்மா இல்லை, ஆகவே அது வந்தவர் ஆகாது என்றார். இன்னொருவர், ஆன்மா இருக்கிறதா என்று கேட்டு நாம் யாரையும் உள்ளே விடுவதில்லையே என்றார். காது மந்தமான மூத்த சிஸ்டரிடம் கேட்டார்கள். சபையிலேயே அதிகம் பேர் தேடி வந்து பேசியது அவரிடம்தான். கேள்வியை மூன்று தடவை உரக்கச் சொன்ன பிறகு அவர் சொன்னார்: "தெருக்கதவு வழியா உள்ள வந்துச்சா?" வந்தது என்றார்கள். "அப்போ வந்தவர்தான்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. காமிரா வந்தவரே. ஆகவே காமிரா முதலில் பேச வேண்டும். காமிராவால் முடியாத பட்சத்தில், அதன் சார்பாகக் காமிராக்காரர் பேசலாம்.

ஆணைக்குழுவுக்கு இது முறைப்படி தெரிவிக்கப்பட்டது. 'சபையின் மரபு மதிக்கப்படும்' என்று பதில் வந்தது. யாரும் படித்துப் பார்க்காததன் அடையாளம் அது என்று மதருக்குத் தெரியும்.

நேரலை நாள். சின்ன சிஸ்டர் தன் நாற்காலியில் மடியில் கைகோத்து உட்கார்ந்தாள். காமிராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. காமிராக்காரர் தீர்மானத்தின்படி, "வணக்கம் சிஸ்டர்," என்றார்.

"வணக்கம்," என்றாள் சின்ன சிஸ்டர். பிறகு, வந்தவர் மேலே சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

அவர் சொல்லவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரோ ஒருவர் தன்னை அவசரமில்லாமல், எதையும் எதிர்பார்க்காமல் பார்த்துக்கொண்டிருப்பது அந்த மனிதருக்குப் புதிது. வேலை நேரம் முழுக்க இயக்குநரின் பேச்சுகளைப் படம்பிடிப்பவர் அவர். கொஞ்சம் நெளிந்தார். "வீட்ல எல்லாம் சௌக்கியம் சிஸ்டர்," என்றார். அவள் தலையசைத்தாள். "சௌக்கியம்னா... அவ அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டா." அதற்கப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. நேரலையில் பார்த்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஓர் இளம் கன்னியாஸ்திரி 'ம்' என்று தலையசைப்பதும், முகம் தெரியாத ஒரு மனிதர் தன் மனைவியைப் பற்றி விசும்புவதும்தான். கீழே ஒரே ஒரு கருத்து வந்தது. பார்லரிலிருந்து அக்கா எழுதியது: 'பாவம் அந்த அண்ணா. அப்புறம் என்ன ஆச்சு?'

அப்புறம், அந்த மனைவியே ஃபோனில் கூப்பிட்டுவிட்டாள். அவள் தம்பி காட்டினானாம். காமிராக்காரர் பேச வேண்டுமென்று காமிராவை அணைத்துவிட்டார். நிகழ்ச்சி அத்துடன் முடிந்தது.

ஆணைக்குழு இதைப் படுதோல்வி என்று குறித்தது. விசுவாசம் பற்றி ஒரு வாக்கியம் இல்லை. மறைபரப்பு என்ற சொல் வரவில்லை. புன்னகை போதவில்லை. கடைசி வாய்ப்பாக இயக்குநரே நேரில் வந்து மேற்பார்வை செய்வார். அதிலும் தவறினால் வார்த்தைப்பாட்டை ஒத்திவைக்கப் பரிந்துரைக்கப்படும்.

மதர் இதைச் சொன்னதும் சின்ன சிஸ்டர் தலையாட்டிவிட்டு எழுந்தாள். சிற்றாலயத்தில் போய் உட்கார்ந்தாள். பேசத் தெரியாதவளுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் இந்த மடம். இங்கேயும் பேசினால்தான் இருக்கலாம் என்றால் எங்கே போவது? அம்மாவின் முகம் கண்ணில் நின்றது. 'திரும்பி வந்துட்டாளாமே' என்று தெருவில் கேட்பார்களே, அந்தக் குரல் காதில் நின்றது. காமிராக்காரர் எழுதிக் கொடுத்திருந்த நாலு வரியை மனப்பாடம் செய்தாள். நாலாவது வரி வரும்போது முதல் வரி மறந்துபோனது.

இயக்குநர் வந்தார். மூச்சு வாங்கியது, குரல் முன்னைவிடக் கம்மியிருந்தது. காமிராக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்து, ஒரு ஒயரை அலுவலகத்திலேயே மறந்துவிட்டதாகச் சொன்னார். மனைவி வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் கொஞ்சம் ஞாபகமறதியாகத்தான் இருந்தார். எடுத்துவர ஓடினார்.

இயக்குநர் அறையைச் சுற்றிப் பார்த்தார். உட்கார இடமில்லை. நடையில் கிடந்த பழைய நாற்காலியைத் தானே இழுத்துவந்து காமிராவைக் கொஞ்சம் ஒதுக்கி அங்கே போட்டு உட்கார்ந்தார். அது எந்த நாற்காலி என்று அவருக்குத் தெரியாது. சின்ன சிஸ்டருக்குத் தெரியும். அவள் எதிரில் உட்கார்ந்து கைகோத்துக்கொண்டாள்.

"சும்மா ஒத்திகை பாப்போம். ஆரம்பிங்க," என்றார் அவர்.

அவள் அவரைப் பார்த்தாள். நாலு வரியும் மறந்துபோயிருந்தது. கேட்கத்தான் தயாராக இருந்தாள்.

"சொல்லுங்க சிஸ்டர். தைரியமா."

அவள் காத்திருந்தாள்.

மௌனத்தைக் கண்டால் இயக்குநருக்கு ஆகாது. ஒரு மண்டபம் மௌனமாக இருந்தால் அதை நிரப்புவது தன் கடமை என்று நினைத்து வாழ்ந்தவர். ஆகவே அதையும் நிரப்பினார். முதலில் ஆணைக்குழுவின் ஐந்து நோக்கங்களைச் சொன்னார். நான்காவதில் நின்றார். அடுத்தது நினைவுக்கு வரவில்லை. "கால் வலிக்குதும்மா," என்றார் திடீரென்று, வேறு குரலில்.

அந்த அறையில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. சின்ன சிஸ்டர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. விதி சிஸ்டர்களுக்குத்தான்; கதை சொல்கிறவர்களுக்கு இல்லை.

அவருக்கு ஒரு தங்கை இருக்கிறாள். வாரம் தவறாமல் ஃபோன் செய்வார். அவள் ஃபோனை மேஜையில் வைத்துவிட்டுத் துணி மடிக்கிறாள் என்று ஒரு சந்தேகம். நடுநடுவே 'ம்' மட்டும் வரும்.

"ஒரு நாள் சோதிச்சுப் பாத்தேன். பேச்சோட பேச்சா, இந்த வீடு பத்தி எரியுதுன்னேன். 'ம், நல்லதுண்ணா'ன்னா."

சின்ன சிஸ்டர் சிரிக்கவில்லை. அவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"தூங்கறாங்கன்னு எனக்குத் தெரியும்மா. மேடையில இருந்து எல்லாம் தெரியும். நிறுத்தினா ஒருத்தரும் இன்னும் கொஞ்சம் பேசுங்கன்னு சொல்ல மாட்டாங்க. அந்தப் பயத்துலயே நிறுத்தறதில்ல." மிட்டாயை வாயின் மறுபக்கம் தள்ளினார். "தொண்டையில முடிச்சு விழுந்திருக்காம். ஒரு மாசம் வாயே திறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். போன வாரமே சொன்னார். யார்கிட்டயும் சொல்லல. பேசலைன்னா நான் யாரும்மா?"

அதற்கு ஆலோசனை கேட்டாரா, வெறுமனே சொன்னாரா என்று சின்ன சிஸ்டர் ஒரு கணம் யோசித்தாள். வெறுமனேதான் என்று பட்டது. கேட்டுக்கொண்டே இருந்தாள்.

காமிராக்காரர் ஒயரோடு திரும்பியபோது இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து, அங்கியைச் சரிசெய்து, மதரைக் கூப்பிடச் சொன்னார். சின்ன சிஸ்டர் மறந்துபோன நாலு வரியை மனசுக்குள் தேடினாள். ஒத்திகையிலும் ஒரு வார்த்தை பேசவில்லையே.

இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். பழைய குரல் திரும்பியிருந்தது, அதாவது திரும்பிய அளவுக்கு.

"மதர், இன்று இந்த அறையில் மிக உயர்ந்த தரத்தில் தொடர்பு நிகழ்ந்தது. நான் பேசினேன். சிஸ்டர் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் அனுபவத்தில் இப்படி நடந்ததே இல்லை. இது முற்றிலும் புதிய முறை. இதை ஆணைக்குழு கண்டுபிடித்திருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை."

சான்றில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். காமிரா வேண்டாம், விளக்கு வேண்டாம், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். பிளாஸ்டிக் செடியை மட்டும் அன்பளிப்பாக விட்டுப் போனார்கள்.

அந்த மாதக் கடைசியில் அடுத்த சுற்றறிக்கை வந்தது. புதிய முறைக்கு 'எதிரமர் மௌனத் தொடர்பியல்' என்று பெயர் சூட்டப்பட்டிருந்தது. எல்லாச் சபைகளும் இரண்டு நாற்காலிகள் வாங்க வேண்டும். அதில் உட்காரும் விதம் பற்றி மூன்று நாள் பயிற்சி நடக்கும். எந்தச் சபைக்கும் விலக்கு இல்லை. கேட்டுப் பழக்கமில்லாத சபைகள் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி, சின்ன சிஸ்டரின் சபையைப் பட்டியலில் முதலில் போட்டிருந்தார்கள். மதர் வாசித்துவிட்டு, "போயிட்டு வாங்க. சாப்பாடு நல்லா இருக்குமாம்," என்றார்.

அக்காவிடம் சொன்னபோது, புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்துவிடலாமா என்று மட்டும் கேட்டாள். கொடுத்துவிடலாம் என்றாள் தங்கை. அக்கா ஃபோனை அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா, இத்தனை நாள் தனக்கு ஒன்றுமே தெரியாது என்பது போலப் பேசினாள். வீட்டில் எல்லாம் அம்மாவுக்குத் தெரிந்துதான் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் வாசலறையில் சின்ன சிஸ்டர் எதிரில் ஒரு பெண் உட்கார்ந்து மாமியாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடையில் பெஞ்சில் டயர் கடைக்காரர் தன் முறைக்குக் காத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் வந்து உட்கார்ந்தார். கழுத்தில் கம்பளித் துணி சுற்றியிருந்தது. அங்கிப் பையில் வெளியே தெரியும்படி ஒரு அட்டை: 'டாக்டர் உத்தரவு. பேசக் கூடாது.'

கதவு இடுக்கு வழியே சின்ன சிஸ்டருக்கு இருவரும் தெரிந்தார்கள். டயர் கடைக்காரர் அட்டையைப் படித்தார். இவ்வளவு நல்ல மனிதரை அவர் பார்த்ததே இல்லை போலிருந்தது. நெருங்கி உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு அண்ணன் இருக்கார், ஃபாதர். ஒரு ஏணி விஷயமா எங்களுக்குள்ள பேச்சு இல்ல."

இயக்குநர் வாயைத் திறந்தார். கழுத்தைத் தொட்டுக்கொண்டு மூடினார்.

டயர் கடைக்காரர் சொல்லிக்கொண்டு போனார். இயக்குநர் முதலில் கூரையைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தை. அதற்குப் பிறகு வேறு வழியில்லாமல் பக்கத்தில் இருந்தவரின் முகத்தைப் பார்த்தார். ஒரு தடவை தலையசைத்தார்.

"ஏணின்னா பெரிய ஏணி இல்ல ஃபாதர்," என்றார் டயர் கடைக்காரர். கை தானாகத் தாழ்ந்து முழங்காலுக்கு வந்தது. அந்தக் கையை அவரே கொஞ்ச நேரம் பார்த்தார். "உண்மையைச் சொன்னா, அது ஒரு ஸ்டூலு."

உள்ளே மாமியார் கதை முடிந்து, அந்தப் பெண் எழுந்து வெளியே வந்தாள். சின்ன சிஸ்டர் கதவைத் திறந்து, அடுத்தவரைப் பார்த்தாள்.

"நீங்க போங்க ஃபாதர்," என்றார் டயர் கடைக்காரர், எழுந்துகொண்டே. "எனக்கு வேலையிருக்கு. ஒருத்தருக்குப் பத்திரிகை கொடுக்கணும்."

அவர் போனதும் இயக்குநர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சின்ன சிஸ்டர் எதிரில் உட்கார்ந்தாள். வந்தவர் முதலில் பேச வேண்டும். வந்தவரால் பேச முடியாது. இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்கள், உள்ளே ஏதோ முக்கியமான பேச்சு நடக்கிறது என்று நினைத்துத் தங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.